இடது பக்கம் இழுக்கும் ஸ்டியரிங்

“பையனுக்கா மேடம்?” என்று கடைக்காரர் கன்னடத்தில் கேட்டார். இல்லை, வீட்டுக்காரருக்கு என்றேன். அவர் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். அங்கே என் கணவர் வலது கையில் கைத்தடியை ஊன்றிக்கொண்டு, மடங்கிப்போன இடது கை வயிற்றோடு ஒட்டியிருக்க, கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி நின்றிருந்தார். ஐம்பதைத் தாண்டிய மனிதர். கடைக்காரர் கம்ப்யூட்டர் ரேஸ் விளையாட்டு ஸ்டியரிங் இருந்த அலமாரியைத் திறந்தார்.

அந்தக் கோடையில் அவருக்குப் பக்கவாதம் வந்திருந்தது. இடது காலும் கையும் விழுந்துவிட்டன. கால் மெல்ல வந்தது. கை வரவில்லை. அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். ஹனூர்ப் பக்கம் டிராக்டரில் கை பழகி, கொள்ளேகாலில் லாரி ஓட்டி, என்னைக் கட்டிக்கொண்ட பிறகு மைசூருக்கு வந்து சொந்தமாக ஒரு வேன் வாங்கினார். விஜயநகரில் எங்கள் வீட்டைச் சுற்றியுள்ள தெருக்களில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளில் பாதிப் பேர் அவர் வண்டியில் போய் வந்தவர்கள்தான். எந்தப் பிள்ளை வாந்தி எடுக்கும், எது டிபனைச் சாப்பிடாமல் திருப்பிக் கொண்டுவரும் என்பதெல்லாம் பெற்றவளைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு அவர் பேச்சை நிறுத்திவிட்டார். பேச்சு வராமல் இல்லை. பேசப் பிடிக்கவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் பெண் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அழுத்தச் சொன்னாள். “நானென்ன நாய்க்குட்டியா?” என்று பந்தைத் தூக்கி எறிந்தார். அதை எறிந்ததும் வலது கையால்தான். அவள் போகும்போது வாசலில் நின்று என்னிடம் சொன்னாள்: ஆரம்ப மாதங்களில் வருவதுதான் நன்றாக வரும், நாள் போகப் போகக் கஷ்டம், கைக்கு ஏதாவது ஒன்றின் மேல் ஆசை வர வேண்டும் அக்கா என்று. இந்த மனிதருக்கு வண்டியைத் தவிர வேறு எதன் மேலும் ஆசை இருந்ததில்லை. என் மேல் இருந்ததா என்றே எனக்குச் சந்தேகம்.

அவர் கையில் வேனைக் கொடுக்க முடியாது. ஆனால் பிள்ளைகளின் அம்மாக்கள் போன் செய்தபடி இருந்தார்கள், அண்ணா எப்போது வருவார் என்று. “தசரா லீவு முடிஞ்சதும் வந்துடுவாருங்க, அதுவரைக்கும் சமாளிச்சுக்குங்க” என்று எல்லோரிடமும் நானே சொல்லிவிட்டேன். யாரைக் கேட்டுச் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அவர் பக்கத்து அறையிலிருந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அன்று ராத்திரி சாப்பிடும்போது, “லீவு முடிஞ்சா போலாமா?” என்றார். பல வாரம் கழித்து அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. போகலாம் என்றேன். அதோடு நாங்கள் இருவரும் மாட்டிக்கொண்டோம்.

ஸ்டியரிங் யோசனை பெங்களூரில் வேலை செய்கிற எங்கள் மகளுடையது. விளையாட்டு ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்பினால் கைக்கும் பயிற்சி, அப்பாவுக்கும் பொழுதுபோக்கு என்றாள். பிசியோ பெண்ணும் பலமாகத் தலையாட்டினாள். அப்படித்தான் அந்தக் கடைக்குப் போனோம்.

கடைக்காரர் மேசையில் எடுத்து வைத்த ஸ்டியரிங்கை என் கணவர் வலது கையால் ஒரு சுற்று திருப்பிவிட்டுக் கையை எடுத்தார். அது சட்டென்று நடுவுக்குத் திரும்பி வந்து நின்றது. மறுபடி திருப்பினார். மறுபடி அதே மாதிரி வந்து நின்றது. அவர் முகம் சுருங்கியது.

“இது ஸ்டியரிங்கு இல்ல, ரப்பர் பேண்டு. ரோடே தெரியலியே இதுல.”

நான் அதைக் கன்னடத்தில் சொன்னேன். கடைக்காரர் சிரித்தார். அது உள்ளே ஸ்பிரிங் வைத்த சாதா வகையாம். இவர் கேட்பது ஃபோர்ஸ் ஃபீட்பேக் உள்ள ஸ்டியரிங் என்றார். அதற்குள் மோட்டார் இருக்கும். திரையில் கார் கல்லில் ஏறினால் கையில் குலுங்கும், வளைவில் கனக்கும், டயர் வழுக்கினால் கனம் போய்விடும். அது தன்னிடம் இல்லை, ஆர்டர் போட்டுத்தான் வரவழைக்க வேண்டும், எது வேண்டும் என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள் என்று எங்கள் தலையில் கட்டிவிட்டார். வெளியே வந்ததும் என் கணவர், “மோட்டார் வெச்சதா?” என்று கேட்டார். ஆட்டோ ஏறும் வரைக்கும் அதையே இரண்டு மூன்று தடவை கேட்டார்.

நான் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் உட்காருகிறவள். உள்ளே மிஷின் ஓடுகிற நேரமெல்லாம் செல்போனில் ஸ்டியரிங் வீடியோக்களைப் பார்க்க ஆரம்பித்தேன். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. பல்சக்கரம் வைத்தது ஒரு வகை. அது கடகடவென்று சத்தம் போடும், நடுவில் நெருடும். பெல்ட் போட்டது இன்னொரு வகை, வழுவழுவென்று திரும்பும். மூன்றாவது வகையில் ஸ்டியரிங்கை நேராக மோட்டாரின் தண்டிலேயே மாட்டியிருப்பார்கள். அதற்கு டைரக்ட் டிரைவ் என்று பெயர். அதன் பலத்துக்கு முன்னால் மற்ற இரண்டும் சோணங்கிகள் என்று எல்லாப் பையன்களும் கத்தினார்கள். எத்தனை நியூட்டன் மீட்டர் பலம், எத்தனை டிகிரி சுற்று, மேசையில் எப்படி இறுக்குவது, பெடல் வழுக்காமல் இருக்க என்ன செய்வது என்று மணிக்கணக்காகப் பேசினார்கள். இடது கையில் பிடிப்பே இல்லாத ஒரு மனிதர் எதை வாங்க வேண்டும் என்று ஒருவனும் பேசவில்லை. பலம் குறைந்ததை வாங்கினால் செத்துப்போன கைக்கு ஒன்றும் தெரியாது. பலம் அதிகமானதை வாங்கினால் மணிக்கட்டு போய்விடும். ஒரு வீடியோவின் கீழே இதைக் கேள்வியாகவே எழுதினேன். யாரோ ஒருவன் சிரிக்கிற பொம்மை போட்டான். அவன் நன்றாக இருக்கட்டும்.

பயந்துகொண்டு பல்சக்கர வகையை வாங்கினேன்.

மகள் தன் பழைய கம்ப்யூட்டரோடு வந்து அதைச் சாப்பாட்டு மேசையில் இறுக்கி மாட்டினாள். பிளக்கைப் போட்டதும் யாரும் தொடாமலே ஸ்டியரிங் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் தானாகச் சுற்றியது. நான் “ஐயோ” என்று அலறிப் பின்னால் நகர்ந்தேன். அது நடுப்புள்ளியைத் தேடுகிறது, எப்போதும் அப்படித்தான் என்று மகள் விளக்குவதற்குள் அவர் சிரித்துவிட்டார். வாய் ஒரு பக்கம் கொஞ்சம் கோணித்தான் சிரித்தார். அந்தக் கோணல் சிரிப்புக்காக எத்தனை ஸ்டியரிங் வேண்டுமானாலும் வாங்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

இடது கையைப் பிடியில் வைத்துப் பழைய நூல் சேலைத் துண்டால் கட்டினேன். அவர் என்னை அதட்டினார்.

“கட்டவெரல வெளிய வுடு புள்ள. உள்ள வெச்சா உதறும்போது ஒடிச்சுப் போட்டுரும்.”

டிராக்டரில் பழகின கை. முன்சக்கரம் வரப்பில் மோதினால் ஸ்டியரிங் திருப்பி அடிக்கும், உள்ளே கட்டைவிரல் இருந்தால் முறியும் என்று ஹனூரில் எல்லோருக்கும் தெரியும். அந்த வீடியோப் பையன்களும் இதையேதான் சொன்னார்கள் என்று நான் சொன்னதும் அவருக்குப் பெருமை பிடிபடவில்லை.

ரேஸ் ஆரம்பித்தது. உலகத்துக் கார்களெல்லாம் தலைதெறிக்கப் பறந்தன. இவர் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிற வேகத்தில் போனார். இண்டிகேட்டர் எங்கே என்று கேட்டார். பின்னால் வந்த கார்கள் உரசிக்கொண்டு முந்தியபோது, “போங்கடா, போயி எமனுக்குத் தண்ணி மொண்டு ஊத்துங்க” என்றார். மகள் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். முதல் வளைவு போனது, இரண்டாவது போனது. பிறகு ஒரு நேர் பாதையில் கார் இடது பக்கத்துச் சுவரில் போய்த் தேய்த்தது. கை உதறியது. திருப்பிக் கொண்டுவந்தார். கொஞ்ச தூரத்தில் மறுபடியும் இடது சுவர்.

“இழுக்குது,” என்றார். “லெஃப்டுல இழுக்குது. அலைன்மென்ட் சரியில்ல.”

டிரைவர் பெண்டாட்டிக்கு இந்த வார்த்தை புதிதல்ல. எங்கள் வீட்டில் வண்டி விஷயத்தில் அவர் சொல்வதுதான் கடைசி. வண்டி இழுக்கிறது என்று அவர் சொன்னால் இழுக்கிறது. டயரில் காற்று குறைந்திருக்கும், அலைன்மென்ட் போயிருக்கும், இல்லாவிட்டால் ரோடு ஓரமாகச் சாய்ந்திருக்கும். இந்தப் பாழாய்ப்போன மூளை அந்த வழியிலேயேதான் ஓடியது. மறுநாள் மேசை மேல் ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி வைத்துப் பார்த்தேன். தண்ணீர் இடது பக்கம் ஒதுங்கிய மாதிரி இருந்தது. பழைய கல்யாணப் பத்திரிகைகளை மடித்து மேசையின் இடது காலுக்கு முட்டுக் கொடுத்தேன். போனில் மகளிடம் பெருமையாகச் சொன்னேன்.

“அம்மா, அது கம்ப்யூட்டர்ல இருக்கிற ரோடு. நீ மேசையத் தூக்கினா ரோடு தூக்காது. விடும்மா!” என்றாள்.

“வாய மூடு. உங்கப்பாவுக்குத் தெரியாததா?” என்றேன்.

மேசையைத் தூக்கியும் இழுத்தது. மகள் சொன்னபடி நடுப்புள்ளியைத் திரும்பத் திரும்பச் சரிசெய்தோம். இழுத்தது. கடைசியில் பழுது என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டேன். எடுத்துப் போக வந்தவரிடம் அதிலிருந்த குறையை விளக்கமாகச் சொன்னேன். அவர் எனக்கென்ன என்கிற மாதிரி பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்.

பெல்ட் போட்டது வந்தது. அதில்தான் அந்த விஷயம் நடந்தது. ஒரு வளைவின் ஓரத்தில் சிவப்பும் வெள்ளையுமாகக் கட்டியிருக்கிற மேட்டில் கார் ஏறியது. ஸ்டியரிங் படபடவென்று துடித்து, கட்டியிருந்த கையையும் சேர்த்து ஒரு உதறு உதறியது. அவர் “அம்மா!” என்று கத்தினார். நான் ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினேன். மணிக்கட்டு போச்சு, பலமாக வாங்கித் தொலைத்துவிட்டேன் என்று என்னை நானே சபித்துக்கொண்டு துணிக்கட்டை அவிழ்த்தேன். கட்டு அவிழ்ந்த பிறகும் கை கீழே விழவில்லை. நான்கு விரல்களும் பிடியைச் சுற்றி மூடியிருந்தன. இரண்டு பேரும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம். வேறு யாருடைய கையோ எங்கள் மேசைக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது. அவர் முதலில் அழுதார். பிறகு நான் அழுதேன். அடுத்த நாள் பிசியோ பெண் வந்து அந்த விரல்களுக்குள் தன் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, கைதட்டிக் குதித்தாள்.

நான் நம்பத் தொடங்கினேன். நம்பிக்கை வந்த பிறகு பட்ட அவஸ்தை அதற்கு முன்னால் பட்டதைவிட அதிகம். விரல் மூடினால் திறக்காது. திறந்தால் மூடாது. ஒரு நாள் வந்த பிடி மறுநாள் போய்விடும். பள்ளி திறக்கிற நாள் நெருங்கிக்கொண்டே வந்தது. இதற்கு நடுவில் பெல்ட் ஸ்டியரிங்கும் இடது பக்கம் இழுத்தது. ஒரு சாயங்காலம் தொடர்ந்து சுவரில் மோதி மோதி, கடைசியில் எதிலோ ஏறித் தலைகுப்புறக் கவிழ்ந்தது கார். அவர் பெடலை உதைத்துத் தள்ளினார்.

“வேன வித்துப்போடு. கை வந்து என்ன புண்ணியம்? ஒரு நேர் ரோட்டுல ஓட்ட முடியல என்னால.”

“உங்களால முடியலன்னு யாருங்க சொன்னா? ஸ்டியரிங்கு கோளாறு, நீங்கதான சொன்னீங்க!”

“ஸ்டியரிங்குதான். எனக்குத் தெரியும் ஸ்டியரிங்குதான்னு. ஆனா பாக்கறவங்களுக்குத் தெரியுமா? நொண்டிக்கை ஓட்டுதுன்னுதான சொல்லுவாங்க.”

நான் எழுந்துபோய் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல் அழுதேன். இந்த மனிதர் மறுபடியும் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டால் எனக்கு இன்னொரு தடவை அவரைத் தூக்கி நிறுத்தத் தெம்பில்லை. குழாயை மூடிவிட்டு வந்து, டைரக்ட் டிரைவ் ஆர்டர் போட்டேன். எது வேண்டுமென்று கேட்டுப் பார்த்து யோசித்ததெல்லாம் அன்றோடு முடிந்தது. இருப்பதிலேயே உயர்ந்தது எதுவோ அது வரட்டும். அதுவும் இழுத்தால் பிறகு சாமி விட்ட வழி.

அது இரும்புக்குண்டு மாதிரி வந்தது. மேசையே ஆடும் என்று நான்கு பக்கமும் இறுக்கினோம். பலத்தைக் கம்ப்யூட்டரிலேயே கூட்டவும் குறைக்கவும் முடிந்தது. பிசியோ பெண் சொல்கிறபடி குறைவாக வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன். கனம் கூடக் கூட அந்தக் கை அதற்கு ஈடு கொடுத்தது. துணிக்கட்டு போனது. கைத்தடி மூலைக்குப் போனது. இடது கையால் தண்ணீர்ச் சொம்பைத் தூக்கிக் காட்டினார். சட்டைப் பொத்தானைப் போட்டுக் காட்டினார். தெருவில் யார் போனாலும் கூப்பிட்டு இடது கையை ஆட்டினார். பார்க்கச் சகிக்காது, சின்னப் பிள்ளை மாதிரி.

அதுவும் இடது பக்கம்தான் இழுத்தது.

ஒரு நாள் அவர் தூங்கும்போது நானே உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தேன். வாழ்க்கையில் சைக்கிள்கூட ஓட்டாதவள். கோணல்மாணலாகத்தான் ஓட்டினேன், ஆனால் நேர் பாதையில் கையை வெறுமனே வைத்துக்கொண்டிருந்தபோது அது நேராகத்தான் போனது. அவர் எழுந்ததும் சொன்னேன்.

“எனக்கு நேராத்தான் போவுதுங்க.”

“நீ எந்தக் காலத்துல வண்டி ஓட்டுன, உனக்குத் தெரியறதுக்கு? மூணும் ஒரே கம்பெனிக்காரன் வேலையா இருக்கும். வுடு. நான் கொஞ்சம் ரைட்டுல ஒடிச்சுப் புடிச்சே ஓட்டிக்கறேன்.”

அது உண்மையாகவும் இருக்கலாம் என்று நினைத்தேன். நினைக்க ஆசைப்பட்டேன். கை வந்துவிட்டது. மருத்துவர் அந்தக் கையைப் பிடித்துப் பார்த்து, நடக்கச் சொல்லிப் பார்த்து, ரொம்ப நல்ல முன்னேற்றம் என்றார். வண்டி ஓட்டலாமா என்று இவர் கேட்டதற்கு, அடுத்த தடவை வாருங்கள், சில பரிசோதனைகள் செய்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். ஆட்டோவில் வரும்போது இவர் அதை “ஓட்டலாம்னு சொல்லிட்டாரு” என்று ஆக்கிவிட்டார். வீட்டுக்கு வந்து அம்மாக்களுக்கெல்லாம் போன் போட்டார். ஸ்கூல் திறக்கிற அன்றைக்கு நானே வருகிறேன், பழைய நேரம்தான் என்று. ஒவ்வொரு போனுக்குப் பிறகும் அவர் குரல் ஏறிக்கொண்டே போனது. டாக்டர் அப்படிச் சொல்லவில்லை என்று சொல்ல நான் வாயைத் திறந்து திறந்து மூடினேன். அந்தக் குரலை அடக்க எனக்கு மனசு வரவில்லை.

ஆயுதபூஜை வந்தது. மைசூரில் அன்றைக்கு ஓடுகிறதெல்லாம் குளித்துப் பொட்டு வைத்துக்கொள்ளும். சைக்கிளிலிருந்து பஸ் வரைக்கும் எல்லாவற்றுக்கும் மாலை. எங்கள் வேன் கோடையிலிருந்து உறை போட்டு நின்றிருந்தது. அவர் விடியற்காலையே உறையை உருவி, பேட்டரியை மாற்ற ஆள் கூப்பிட்டு, தானே சோப்புப் போட்டுக் கழுவினார். இரண்டு கையாலும் கழுவினார். முன்னால் வாழைக்கன்று கட்டினோம். செவ்வந்தி மாலை போட்டோம். மிக்ஸிக்கும் கம்ப்யூட்டருக்கும் பொட்டு வைத்தபோது மேசையிலிருந்த ஸ்டியரிங்குக்கும் ஒரு பொட்டு வைத்தேன், இழுத்தாலும் பரவாயில்லை என்று. பூஜைக்கு வந்திருந்த மகள் மாடியில் பொரியும் கடலையும் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள். வேன் பிள்ளைகள் வந்து வாங்கிக்கொண்டு போவார்கள்.

முன்சக்கரம் இரண்டுக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்தேன். கற்பூரம் காட்டினதும் ஓட்டுகிறவர் ஏறி, வண்டியை ஒரு அடி முன்னால் நகர்த்தி அவற்றை நசுக்க வேண்டும். பிறகு வருஷம் முழுக்க வண்டி நல்லபடியாக ஓடும். அவர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு வந்து வேனுக்கு எதிரே நின்றார். சாவியை இடது கையில் வைத்துச் சுழற்றிக்கொண்டிருந்தார். பார்த்துவிட்டுக் கோபித்துக்கொண்டார்.

“ஏம்புள்ள, ஒத்தப் பழந்தான் வெச்சிருக்கே? இன்னொரு சக்கரத்துக்கு எங்க?”

“ரெண்டு வெச்சிருக்கேனுங்க.”

“எங்க வெச்சிருக்கே? நல்ல நாளும் அதுவுமா, தொழில் பண்ற வண்டிக்கு...”

கிண்டல் செய்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. தன் வலது பக்கத்துச் சக்கரத்தைக் காட்டினார். அதன் கீழே ஒன்று இருந்தது. மற்றது அவருக்கு இடது பக்கத்தில், அவருடைய செருப்பிலிருந்து ஒரு எட்டு தூரத்தில், மஞ்சளாகப் பளிச்சென்று கிடந்தது.

கற்பூரத் தட்டோடு மெதுவாக நடந்து அந்தப் பழத்துக்குப் பக்கத்தில், அவருடைய இடது பக்கம் போய் நின்றேன்.

“ஏனுங்க, நான் எங்க நிக்கறேன்?”

அவர் வலது பக்கம் தேடினார். வேனுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். “எங்க போனே? தட்டக் கொண்டா, நேரமாவுது,” என்றார். கற்பூரம் அவர் முழங்கைக்குப் பக்கத்தில் எரிந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் எல்லாம் ஒவ்வொன்றாக என் தலையில் வந்து விழுந்தன. தட்டில் வலது பாதிச் சோற்றைத் தின்றுவிட்டு, கொஞ்சமாகப் போட்டாய் என்று சண்டை போட்டது. இடது கன்னத்தில் அங்கங்கே மழிக்காமல் விட்ட தாடி. நான் அதையெல்லாம் வியாதிக்காரரின் சலிப்பு என்று நினைத்திருந்தேன். அவர் கண்ணில் குறை இல்லை. அந்தப் பக்கம் என்று ஒன்று இருப்பதே அவருக்குள் இல்லாமல் போயிருந்தது. எங்கள் வேனின் கதவு இடது பக்கம்தான். பிள்ளைகள் இறங்குவது இடது பக்கம். பையை இழுத்துக்கொண்டு, பின்னால் திரும்பிப் பார்க்காமல், அவர் இருக்கிறார் என்ற தைரியத்தில் இறங்குவார்கள்.

தட்டைக் கீழே வைத்தேன். அவர் கன்னத்தில் கை வைத்து முகத்தை இடது பக்கம் திருப்பினேன். தெருவில் யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று திருப்பினேன். அவர் கையைத் தட்டிவிடப் பார்த்தார். பிறகு பழத்தைப் பார்த்தார். நிறைய நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தை நேராக வைத்துப் பார்த்தார், மறுபடியும் திருப்பிப் பார்த்தார். மறுபடியும் நேராக வைத்தார். அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, வேண்டாம் பார்த்தது போதும் என்று சொல்ல வேண்டும் போலிருந்தது எனக்கு.

“இப்ப வாங்குனோமே, அந்த ஸ்டியரிங்கு,” என்றார். “அது இழுக்கலியா?”

“இல்லீங்க.”

“பெல்ட் போட்டது?”

“அதுவும் இல்லீங்க.”

“மொதல்ல திருப்பி அனுப்புனது?”

தலையை மட்டும் ஆட்டினேன். நான் நின்றது இன்னமும் அவருடைய இடது பக்கம் என்பதால் அவருக்கு அது தெரியவில்லை. “சொல்லு புள்ள,” என்றார். இல்லீங்க என்று வாய்விட்டுச் சொன்னேன்.

மாடியிலிருந்து மகள் பொரி ரெடி என்று கூப்பிட்டாள். தெருமுனையில் பிள்ளைகள் வருகிற சத்தம் கேட்டது. அவர் என் குரல் வந்த திசைக்கு முகத்தைத் திருப்பி, என்னைக் கண்டுபிடித்து, சாவியை நீட்டினார். நல்ல நாளில் இடது கையால் எதையும் கொடுக்காதவர். நான் வாங்கப் போனேன். விரல்கள் அவ்வளவு பலமாகப் பிடித்திருந்தன, சாவியை இழுத்துத்தான் வாங்க வேண்டியிருந்தது.